மழைத் தண்ணீரில் கரைத்த மோர்

எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது. குழாயைத் திறந்தால் பளிச்சென்றுதான் விழும். ஒரு வாரம் அதில் வெந்நீர் போட்டால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை படிந்துவிடும். தலைக்குக் குளித்தால் முடி நாராகும். பருப்பு வேக மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி எந்தத் தெருவில் போர் போட்டாலும் பாறையைக் குடைந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும், அந்தப் பாறையில் உள்ளதெல்லாம் தண்ணீரிலும் இருக்கும். குடிக்க கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர் என்று ஊரே சமாதானமாகிவிட்டது. நான் மட்டும் ஆகவில்லை. காரணம், நான் மீன் வளர்க்கிறேன். அதுவும் உப்பே இல்லாத தண்ணீரில்தான் இருப்பேன் என்று அடம்பிடிக்கிற மீன்.

கடைகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் தனித்தனியாக வைத்து விற்பார்களே, பாவாடை மாதிரி வால் உள்ள ஃபைட்டர் மீன், அதற்குக் காட்டில் சொந்தக்காரர்கள் உண்டு. வைல்ட் பெட்டா என்பார்கள். என்னிடம் இருந்தது போர்னியோ காட்டு ஓடைகளைச் சேர்ந்த வகை. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. ஆண் மீன் செங்கல் நிறத்தில், துடுப்புகளின் ஓரத்தில் கறுப்பு, அதற்கும் ஓரத்தில் வேட்டிக்கரை போல ஒரு வெள்ளைக் கோடு. பெங்களூரிலிருந்து ஒரு ஜோடியைத் தெர்மாகோல் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கேக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மீன் என்று சொல்லியிருந்தால் செங்கம் வரை விளக்க வேண்டியிருக்கும்.

அந்தக் காட்டு ஓடைகளில் இலைகள் விழுந்து ஊறி ஊறி, தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்குமாம். புளிப்பும் கொஞ்சம் இருக்குமாம். அதை என் வீட்டில் கொண்டுவர நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் கேன் தண்ணீர் ஊற்றினேன். பிளான்ட்டில் என்ன கலந்தார்களோ, அந்த வாரமே மீன் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் மாட்டினேன். எங்கள் போர் தண்ணீர் ஆறு மாதத்தில் அதை அடைத்துத் தள்ளிவிட்டது. கழற்றிப் பார்த்த சர்வீஸ்காரர், "இந்தத் தண்ணிக்கு எந்த மெஷினும் தாங்காதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மழைத் தண்ணீர்தான் என்று முடிவானது. ஐப்பசி கார்த்திகையில் மொட்டை மாடியில் பெய்யும் மழையை, முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மூன்றாவதிலிருந்து துணியில் வடிகட்டி இரண்டு நீல டிரம்களில் பிடித்து வைப்பேன். அடுத்த ஐப்பசி வரை அதுதான் கணக்கு.

அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றவும் மாட்டேன். முதல் நாளே ஒரு வாளி கீழே கொண்டுவந்து, மீன் தொட்டி இருக்கும் அறையிலேயே ஓர் இரவு வைப்பேன். அதில் காய்ந்த நாட்டு பாதாம் இலை இரண்டைப் போடுவேன். நான் வேலை பார்க்கும் பள்ளி மைதானத்தில் அந்த மரம் இருக்கிறது. சருகு பொறுக்கும் ஆபீஸ் கிளார்க் என்று அங்கே எனக்குப் பெயர். மறுநாள் தண்ணீர் நிறம் மாறிய பிறகு, மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவேன். ஒரு வாளி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். சூடு, உப்பு, புளிப்பு மூன்றில் எது சட்டென்று மாறினாலும் அந்த மீன் தாங்காது. இந்த விஷயத்தில் என்னைப் போல ஒழுங்கானவள் ஜில்லாவில் இல்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீனி அடுத்த தலைவலி. கடைத் தீனி உருண்டையைப் போட்டால் வாயில் வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே துப்பும். உயிரோடு நெளிகிற எதுவானாலும் தின்னும். அதனால் மாடியில் ஒரு பக்கெட்டில் வைக்கோல் ஊறப்போட்டு கொசுப்புழு வளர்த்தேன். டீ வடிகட்டியில் அள்ளி, அலசி, ஒரு வேளைக்கு எட்டு பத்து புழு. அந்த வடிகட்டியின் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தேன், சமையலறை வடிகட்டியோடு கலந்துவிடக் கூடாதே என்று. ஒரு நாள் டெங்கு வேலைக்கு வீடு வீடாக வரும் பெண் மாடி ஏறிவிட்டார். பக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஏங்க, தெருத் தெருவா அலைஞ்சி இத ஒழிக்கத்தான் நாங்க வரோம். நீங்க வைக்கோல் போட்டு வளக்கறீங்களா?"

என் கண் முன்னாலேயே பக்கெட்டைக் கவிழ்த்தார். நீல டிரம் இரண்டிலும் மருந்து ஊற்றப் போனார். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். மூடிக்கு அடியில் வெள்ளைத் துணி போட்டு இறுக்கிக் கட்டினால் மருந்து வேண்டாம் என்றார். அன்று சாயங்காலமே என் மாமனார் தன் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு டிரம்களையும் கட்டிக் கொடுத்தார். முடிச்சு அவ்வளவு அழகு. அதற்குப் பிறகு கொசுப்புழுவை விட்டுவிட்டு, டாஃப்னியா என்ற பொடிப் பூச்சியை ஒரு டப்பில் வளர்க்க ஆரம்பித்தேன். அதுவும் நாலு நாள் வெயில் அடித்தால் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வீடு செங்கம் ரோட்டை ஒட்டி, கிரிவலம் போகிறவர்கள் கடக்கிற முனையிலிருந்து நாலாவது. மாதா மாதம் பௌர்ணமி அன்று வாசலில் பெஞ்சு போட்டு, பெரிய எவர்சில்வர் அண்டாவில் நீர்மோர் வைப்பார். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் அவரே இடிப்பார். யாரையும் தொட விடமாட்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு பௌர்ணமியும் விட்டதில்லை. வண்டியை ஒரு நாளும் லேட்டாக எடுத்ததில்லை என்று எப்படிச் சொல்வாரோ, அதே குரலில் இதையும் சொல்வார்.

அவருக்கு என் மீன்கள்மேல் ஒரு வேடிக்கையான பாசம் இருந்தது. காரணம் அது குஞ்சு பொரிக்கிற விதம். பெண் மீன் முட்டையிட்டதும், அந்த முட்டைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக ஆணின் முகத்துக்கு நேரே துப்பும். ஆண் அதைக் கவ்வித் தன் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். பிறகு இரண்டு வாரம்போல வாயைத் திறக்காது, எதையும் தின்னாது. தொண்டை பை மாதிரி உப்பிப்போய், மூலையில் இலைக்கு அடியில் நிற்கும். நாள் நிறைந்ததும் வாயிலிருந்து குஞ்சுகளை வெளியே விடும். ஆனால் நடுவில் அதற்குப் பயம் வந்தாலோ, தண்ணீர் பிடிக்காமல் போனாலோ, அத்தனையையும் விழுங்கிவிடும். அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து.

இதைக் கேட்டதும் மாமனார், "அட, மீனுகூட விரதம் இருக்குதா!" என்றார். அன்றிலிருந்து அதற்கு விரதக்காரன் என்று பெயர். காலையில் காபி டம்ளரோடு அறை வாசலில் நின்று, "விரதக்காரன் இன்னா பண்றான்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

முதல் முறை, பெண் மீனைப் பிரித்து வேறு தொட்டியில் விடச் சொல்லி இணையத்தில் யாரோ எழுதியதை நம்பினேன். வலையைக் கண்ட பயத்தில் மூன்றாம் நாள் விழுங்கிவிட்டது. இரண்டாவது முறை, ஆறாம் நாள் பகல் முழுக்க கரண்ட் போனது. ஃபேன் இல்லாமல் தண்ணீர் சூடேறி, நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு முறையும் நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். இத்தனைக்கும் யாரும் என்னை மீன் வளர்க்கச் சொல்லவில்லை. ஊருக்கு ஏற்ற கெளுத்தியோ கப்பியோ வளர்த்துவிட்டுப் போகலாம். அவை சாக்கடைத் தண்ணீரிலும் பெருகும். என் கணவர் இதை மாதம் ஒரு முறை சொல்வார்.

மூன்றாவது முறை எதிலும் குறை வைக்கவில்லை. இரண்டு வாரம் முன்பிருந்தே ஆணுக்கு டாஃப்னியாவாகக் கொடுத்து நன்றாகத் தேற்றினேன், பட்டினி தாங்க வேண்டுமே. தொட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான, அரிசி மூட்டை வைக்கிற அறைக்கு மாற்றினேன். மூன்று பக்கம் அட்டை ஒட்டினேன். ஈரத் துணி சுற்றினேன். சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து அது முட்டைகளை வாயில் வாங்கியது. மூன்றாம் நாள் தாண்டியது. ஆறாம் நாள் தாண்டியது. ஒன்பதாம் நாள் தொண்டை அப்படியே உப்பலாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். குஞ்சுகள் வெளியே வந்தால் அவை தேறுகிற வரைக்கும் மழைத் தண்ணீர் வேண்டும். மாடியில் ஒன்றரை டிரம் இருந்தது. தாராளமாகப் போதும்.

அந்த ஒன்பதாம் நாள் சித்திரா பௌர்ணமி.

சித்திரா பௌர்ணமி என்றால் ஊர் எங்கள் கையில் இருக்காது. காலையிலேயே ரோட்டில் தடுப்பு போட்டு வண்டிகளை வெளியே நிறுத்திவிடுவார்கள். பள்ளியில் அட்மிஷன் நேரம், லீவு கிடைக்கவில்லை. அரை நாள் முடித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் நடந்தே வீடு வந்தேன். மணி இரண்டரை இருக்கும். வாசலில் எள் போட்டால் விழாத கூட்டம். மாமனார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் நாக்கு வறண்டிருந்தது. ஒரு டம்ளரை நீட்டினார். மடமடவென்று குடித்தேன். அப்படி ஒரு மோரை நான் அந்த வீட்டில் குடித்ததே இல்லை. தொண்டையில் கரிப்பே இல்லாமல் இறங்கியது.

"மோர் சூப்பரா இருக்குதே மாமா. தயிர் மாத்தினீங்களா?"

"தயிர் அதேதாம்மா" என்றார் முகமெல்லாம் பல்லாக. "தண்ணி! கேன் வண்டிய உள்ள விட மாட்டேன்னுட்டான். போர் தண்ணியில கலக்குனா உப்புக் கரிக்கும், வாயில வெக்க முடியாது. மாடியில வேட்டி கட்டி நல்ல தண்ணி வெச்சிருக்கோமேனு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எல்லாரும் அமிர்தம்னு சொல்றாங்க!"

எங்கள் பக்கம் வெள்ளைத் துணி கட்டிய எந்தப் பாத்திரமும் குடிதண்ணீர்தான். பந்தலில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும் அப்படித்தான். அவர் கையால் அவரே கட்டிய துணி வேறு. மீனுக்கு என்று நான் நூறு முறை சொல்லியிருந்தேன். மீனுக்கு ஊற்றுகிற தண்ணீர் மனிதருக்கு ஆகாதா என்று அவர் நினைத்திருப்பார். நான் இதையெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்று மாடிப்படியை எத்தனை எட்டில் ஏறினேன் என்று தெரியாது.

இரண்டு டிரம்மும் செங்கல்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, கடைசித் தண்ணீர் வரை மொள்வதற்காக. இரண்டு வேட்டித் துண்டுகளும் அலசி, பிழிந்து, கொடியில் அழகாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கு வெறி ஏறியது. ஒரு டிரம்மின் அடியில் அரை வாளித் தண்ணீர் கிடந்தது. இதையும் விட்டால் இதுவும் மோராகிவிடும் என்று தோன்றியது. மக்கால் மொண்டு வாளியில் நிரப்பிக்கொண்டு கீழே இறங்கினேன். கோடைச் சூட்டில் தொட்டித் தண்ணீர் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. மூடியைத் திறந்தேன். வாளியைச் சாய்த்தேன்.

பின்னாலேயே மாமனார் வந்து அறை வாசலில் நின்றார்.

"கோச்சிக்காதம்மா. ஜனம் வெயில்ல நாக்கு தள்ளி வருது. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"ஜனத்துக்கு ஊரெல்லாம் பந்தல் இருக்குது மாமா. என் மீனுக்கு அந்த ரெண்டு டிரம்தான் இருந்துச்சு."

குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். தாகத்துக்கு மோர் கொடுத்தவரிடம் என்ன சண்டை போடுவது? அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தண்ணீரைத் திருடியிருந்தால்கூட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் தொட்டியைப் பார்த்தேன். விரதக்காரன் இலைக்கு அடியில் இல்லை. முன்பக்கக் கண்ணாடிக்கு வந்து, துடுப்பை விரித்துக்கொண்டு, தீனி போடு என்று முட்டிக்கொண்டிருந்தான். தொண்டை தட்டையாக இருந்தது. மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். ஒரு குஞ்சு இல்லை. காபியோடு வந்த மாமனார் அவன் துள்ளுவதைப் பார்த்து, "அட, விரதத்த முடிச்சிட்டான் போலக்குதே!" என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாலயாம்மா?"

டார்ச்சை அணைத்துவிட்டு அவரைத் தாண்டிப் போனேன்.

அன்று பதினோரு மணி வாக்கில், ஆபீசில் ஒரு அப்பாவுக்கு அட்மிஷன் ஃபாரம் எடுத்துக் கொடுக்கும்போது, முந்தைய நாள் அந்த மக்கைப் பிடித்த நினைவு என் கைக்கு வந்தது. மக்கு சுட்டது. சித்திரை வெயிலில் காலை முதல் காய்ந்த டிரம்மின் அடித் தண்ணீர். அதைத்தான் ஓர் இரவு வைக்காமல், இலை போடாமல், டியூப் வைக்காமல், வாளியோடு கவிழ்த்திருக்கிறேன். டிரம் காலியானதால் அந்த மீனுக்கு அன்று ஒரு கெடுதலும் வந்திருக்காது. தொட்டியில் இருந்த தண்ணீரே இன்னும் ஒரு வாரம் ஓடியிருக்கும். குஞ்சுகளைக் கொன்றது மோர் இல்லை, நான்.

அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோபத்தோடு இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கோபம் போனால் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாள் போகப் போக, சொல்வது இன்னும் கஷ்டமானது. மாமனார் அந்த அறைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். விரதக்காரனைப் பற்றிக் கேட்பதில்லை. "அப்பா சோறே கம்மி பண்ணிட்டாரு. ஒரு மீனுக்காக இவ்ளோவா?" என்றார் என் கணவர். எனக்குக் கணவர்மேலும் கோபம் வந்தது.

வைகாசி பௌர்ணமி வந்தது. காலையில் நான் கிளம்பும்போது பெஞ்சு வாசலுக்கு வரவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால், அண்டா சமையலறையில் கவிழ்த்தபடியே இருந்தது. மாமனார் ஹாலில் டிவியைப் போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாதா மாதம் நடந்து வரும் ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று, "பெரியவரே, மோர் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"தண்ணி இல்லீங்க" என்றார் மாமனார். கேன் இரண்டு அவருக்குப் பின்னால் நிரம்பி இருந்தது.

அன்றும் நான் சொல்லவில்லை. கூட்டம் கடந்து போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தேன். மறுநாள் காலை, காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன்.

"மாமா, அன்னைக்கி குஞ்சுங்க போனது உங்களால இல்ல. டிரம்முல இருந்த சூடான தண்ணிய நான்தான் அப்படியே ஊத்திட்டேன். மறுநாளே எனக்குத் தெரியும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சமாதானமாகிவிடுவார், பரவாயில்லம்மா என்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் என்னைக் கடிந்து பேசி நான் கேட்டதே இல்லை.

"மறுநாளே தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமா."

"கொரோனாவுல கிரிவலமே கிடையாதுன்னு ரோட்ட அடைச்சி வெச்சிருந்தாங்க. அப்பகூட நான் வாசல்ல ஒரு சொம்பு மோர் வெச்சேன். யாரும் வரல, சாயங்காலம் செடிக்கு ஊத்துனேன். ஆனா வெச்சேன்." அவர் குரல் உயரவே இல்லை. "நேத்து வெக்கல. உன் மீனு இன்னொரு தடவ முட்டை வெக்கும்மா. எனக்கு நேத்து பௌர்ணமி திரும்ப வருமா?"

அவர் எழுந்து போய் அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார். அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது.